கனரக மடக்குக்கத்தி: அறிகுறியிலிருந்து பழுதைக் கண்டறிந்து நீக்கும் வழிமுறை

கனரக மடக்குக்கத்தி என்றதும் வாங்குபவர் முதலில் பார்ப்பது அலகின் தடிமனை. ஆனால் 4 மில்லிமீட்டர் தடித்த அலகு நடுவில் முறிவது அரிது. கோளாறு வரும் இடங்கள் பெரும்பாலும் அலகு சுழலும் அச்சு, அலகைத் திறந்த நிலையில் நிறுத்தும் பூட்டு, கூர்வாய் ஆகிய மூன்றுதான். அந்த மூன்றிலும் அழுக்கா, இறுக்கக் குறைவா, தேய்மானமா என்று இதே வரிசையில் ஆராய்ந்தால் பாதிக்கு மேற்பட்ட புகார்கள் திருகாணியைத் தொடாமலே தீர்ந்துவிடும். கத்தியை முழுதாகக் கழற்றுவது கடைசி வேலையாக இருக்க வேண்டும். பல நிறுவனங்கள் கழற்றிய கத்திக்கு உத்தரவாதம் தருவதில்லை என்பது அதற்கு இன்னொரு காரணம்.

கீழே சொல்லப்படுபவை நான் புழங்கிவரும் மூன்று வகைகளை ஒட்டியவை. முதலாவது, அமெரிக்காவின் பக் நிறுவனம் 1964 முதல் செய்துவரும் 110 என்ற வேட்டைக்கத்தி. பிடியின் முனைகளில் பித்தளைத் தலைப்பும் மரப் பிடியும் முதுகுப் பூட்டும் கொண்டது, திருகின்றி ஆணி அடித்து இணைக்கப்பட்டது, எடை ஏறத்தாழ 200 கிராம். இரண்டாவது, கோல்ட் ஸ்டீல் நிறுவனத்தின் ரீகான் 1. இதில் ஆண்ட்ரூ டெம்கோ வடிவமைத்த டிரை-ஆட் பூட்டு இருக்கிறது. மூன்றாவது, டைட்டேனியப் பிடியின் ஒரு பகுதியே வளைந்து வந்து அலகைத் தாங்கும் சட்டகப் பூட்டு வகை. சந்தையில் உள்ள மற்றவற்றில் பெரும்பாலானவற்றை இம்மூன்றில் ஒன்றன் கீழ்க் கொண்டுவந்துவிடலாம்.

எந்தச் சோதனையையும் தொடங்கும் முன் விரல்கள் அலகு மடங்கும் பாதையில் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். பூட்டின் மேல் சந்தேகம் இருந்தால் கூர்வாயில் தடித்த அட்டையை மடித்து ஒட்டிவிட்டுச் சோதிப்பதே முறை.

அறிகுறி: திறந்த அலகு பக்கவாட்டில் ஆடுகிறது

பூட்டு முழுதாக விழுந்த நிலையில் பிடியை ஒரு கையால் இறுகப் பற்றி, அலகின் நுனிப் பகுதியை அதன் இரு முகங்களிலும் கட்டைவிரலும் சுட்டுவிரலும் படும்படி பிடித்து, இடமும் வலமுமாக மெல்லத் தள்ளிப் பார்க்க வேண்டும். நீண்ட அலகு வளைந்து கொடுப்பதை ஆட்டம் என்று தவறாக எண்ணுபவர்கள் உண்டு. உண்மையான ஆட்டத்தில் அச்சின் அருகே ‘டக்’ என்ற சிறு தட்டல் கைக்குத் தெரியும்.

முதலில் பிடியின் உடல் திருகுகள் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். அவை தளர்ந்திருக்கும்போது அச்சுத் திருகை மட்டும் முறுக்கினால் ஆட்டம் நிற்காது, அலகு திறக்கக் கடினமாகிவிடும். உடல் திருகுகள் சரியாக இருந்தால் அச்சுத் திருகை அரைக்கால் சுற்றுக்கும் குறைவாக முறுக்கி, மறுபடி சோதித்து, தேவைப்பட்டால் மட்டுமே இன்னும் சிறிது முறுக்க வேண்டும். ஆட்டம் மறைந்த பிறகும் அலகு தடையின்றி நகர்கிறது என்ற நிலைதான் இலக்கு. முறுக்கினால் அலகு நகரவில்லை, தளர்த்தினால் ஆடுகிறது, இடைப்பட்ட நிலையே கிடைக்கவில்லை என்றால் அச்சின் இருபுறமும் உள்ள வாஷர்கள் தேய்ந்தோ வளைந்தோ இருக்கும். அப்போது புதிய வாஷர்தான் வழி.

சரிசெய்த திருகு சில நாட்களில் மீண்டும் தளர்ந்தால், திருகு மரையில் நடுத்தர வலுவுள்ள நீல நிறப் பிணைப்பு மருந்தைப் பல்குச்சியின் நுனியால் ஒரு பொட்டு மட்டும் வைத்து, ஒருநாள் உலரவிட வேண்டும். சிவப்பு நிற வகையைப் பயன்படுத்தாதீர்கள். அதைக் கழற்ற ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்தைப் பிடியின் பிளாஸ்டிக் பாகங்கள் தாங்கா. மருந்து கூடிப்போனால் வழிந்து வாஷரில் இறங்கி அலகையே ஒட்டிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பக் 110 போல் ஆணியடித்த கத்திகளில் இந்த வசதி இல்லை. ஆணித் தலையைச் சுத்தியலால் தட்டி இறுக்கலாம் என்று சிலர் சொல்வது கொள்கையளவில் சரியே. ஆனால் ஒரு தட்டு கூடிவிட்டால் திரும்பத் தளர்த்த வழியில்லை, மரப் பிடியும் வெடிக்கும். சிறு ஆட்டத்துடன் அந்தக் கத்தியைப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம் என்பதே என் கருத்து; ஆட்டம் பெரிதானால் செய்த நிறுவனத்துக்கு அனுப்புவதே நல்லது.

நம் வீடுகளில் இந்தப் பழுதுக்கு மிகப் பெரிய காரணம் தேங்காய்ப் பத்தை தோண்டுவது. சிரட்டைக்கும் பருப்புக்கும் இடையில் அலகைச் செருகித் திருகும்போது முழு விசையும் பக்கவாட்டில் அச்சின் மேல் விழுகிறது. மடக்குக்கத்தி எவ்வளவு கனமானதாக இருந்தாலும் அது வெட்டுவதற்கான கருவி; நெம்புவதற்கு மடங்காத கத்தியோ தட்டைக் கம்பியோ வேண்டும்.

அறிகுறி: அலகு மேலும் கீழுமாக ஆடுகிறது

இது முந்தையதைவிடக் கவனிக்கத்தக்கது, ஏனெனில் இங்கே பேசப்படுவது அச்சு அல்ல, பூட்டு. முதுகுப் பூட்டில் பிடியின் முதுகோடு ஓடும் நெம்புகோலின் பல், அலகின் அடிப்பகுதியில் வெட்டப்பட்ட காடிக்குள் விழுகிறது. அந்தக் காடியின் அடியில் பையிலிருந்த பஞ்சும் மண்ணும் பழ நாரும் அழுந்திக் கெட்டிப்பட்டுவிட்டால் பல் முழு ஆழத்துக்கு இறங்காது. இறங்காத அந்த மயிரிழை இடைவெளிதான் ஆட்டமாகத் தெரிகிறது. ஆகவே முதல் வேலை, அலகைப் பாதி மடக்கிய நிலையில் வைத்து, கூரான மரக்குச்சியால் காடியைக் குடைந்தெடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடைப்பது.

துடைத்த பிறகு சோதிக்கும்போது பிடியை எப்படிப் பற்றுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். நெம்புகோலை உள்ளங்கை அழுத்திக்கொண்டிருந்தால் நல்ல பூட்டிலும் அசைவு தெரியும். நெம்புகோலின் மேல் கை படாமல் பிடித்தபோதும் மிகச் சிறிய அசைவு எஞ்சினால், மலிவான முதுகுப் பூட்டுகளில் அது செய்முறைத் தளர்வாக இருக்கக்கூடும். வாங்கிய நாளிலிருந்து மாறாமல் இருக்கும்வரை அதனால் ஆபத்து இல்லை. வளர்ந்துகொண்டே போகும் அசைவுதான் நோய்.

டிரை-ஆட் பூட்டில் அலகுக்கும் நெம்புகோலுக்கும் நடுவே தடித்த நிறுத்து ஊசி ஒன்று இருக்கிறது. நெம்புகோல் சுழலும் துளை சற்றே நீள்வட்டமாக இருப்பதால், அலகின் மேல் சுமை வரும்போது நெம்புகோல் மயிரிழை பின்வாங்கி, அந்தச் சுமையை ஊசிக்கு மாற்றிவிடுகிறது. நெம்புகோலின் சிறிய அச்சு அதைத் தாங்க வேண்டியதில்லை. தேய்மானம் ஏற்பட்டாலும் பல் இன்னும் சற்றுக் கீழிறங்கி அதை ஈடுசெய்யும். ஆகவே இந்த வகையில் மேல்கீழ் ஆட்டம் தெரிந்தால் காடியில் அழுக்கைத் தேடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் விடை இருக்கும்.

சட்டகப் பூட்டிலும், பிடிக்குள் உள்ள மெல்லிய தகடு வளைந்து வந்து அலகைத் தாங்கும் உட்தகட்டுப் பூட்டிலும், திறந்த கத்தியை மேலிருந்து பார்த்து, பூட்டுத் தகடு அலகின் அடிமுகத்தில் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று கவனிக்க வேண்டும். அகலத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை ஏறியிருந்தால் நலம். எதிர்ப்பக்கப் பிடியைத் தொடும் அளவுக்கு ஏறிவிட்டும் ஆட்டம் இருந்தால் தேய்மானம் முற்றிவிட்டது. சற்றுப் பெரிய நிறுத்து ஊசியை மாற்றிப் பொருத்துவது அதற்கான சிகிச்சை. அரத்தை எடுத்துப் பூட்டு முகத்தை ராவ வேண்டாம். அந்த முகம் சில பாகைச் சரிவில் நுட்பமாகத் தீட்டப்பட்டது. ராவியது மீண்டும் வளராது.

அறிகுறி: பூட்டு நழுவி அலகு மடங்குகிறது

அலகின் முதுகை மேசை விளிம்பில் ஓங்கி அடித்துப் பூட்டைச் சோதிக்கும் பழக்கம் காணொளிகளால் பரவியிருக்கிறது. அந்த அடி, அன்றாட வேலையில் ஒருபோதும் வராத ஒரு விசை. நல்ல பூட்டையும் அது காலப்போக்கில் கெடுக்கும். கூர்வாயை அட்டையால் மூடி, முதுகை மரப்பலகையில் வைத்துப் படிப்படியாக அழுத்துவது போதுமான சோதனை.

நழுவினால், பூட்டு முகத்தில் எண்ணெய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உட்தகட்டுப் பூட்டில் இரு சரிவான உலோக முகங்களின் உராய்வே பிடிப்பைத் தருகிறது; அச்சுக்கு விட்ட எண்ணெய் அங்கே வழிந்திருந்தால் ஆல்கஹாலால் துடைத்தெடுக்க வேண்டும். முதுகுப் பூட்டில் காடி அழுக்கையும், நெம்புகோலை அழுத்தும் வில் முறிந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சுத்தம் செய்து உலர்த்திய பிறகும் ஒருமுறை நழுவினால்கூட அந்தக் கத்தியைப் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். இதில் பேரம் கிடையாது. இழுத்து அறுக்கும்போது விசை அலகைத் திறக்கும் திசையிலேயே செல்வதால் பூட்டின் பலவீனம் வெளிப்படாது. மரத்தில் சிக்கிய அலகை மேலே பிடுங்கும் அந்த ஒரு நொடியில்தான் வெளிப்படும், அப்போது விரல்கள் சரியாகக் கூர்வாயின் கீழே இருக்கும்.

அறிகுறி: பூட்டு விடுபட மறுக்கிறது

இறுக்கம் வேறு, ஒட்டிக்கொள்ளுதல் வேறு. டிரை-ஆட் பூட்டின் வில் வலுவானது. புதிய கத்தியை மடக்கக் கட்டைவிரல் நோகும். நெம்புகோலின் பின்கோடிக்கு அருகில் அழுத்தினால் நெம்பு தூரம் கூடி வேலை எளிதாகும், பழகப் பழக முகங்களும் மழமழப்பாகும். வில்லைத் தேய்த்து இளக்குவது பாதுகாப்பைக் குறைப்பதாகும்.

டைட்டேனியச் சட்டகப் பூட்டில் வரும் ஒட்டுதல் வேறு காரணத்தால் வருவது. டைட்டேனியம் எஃகோடு அழுத்தமாக உரசும்போது அதன் துகள்கள் எஃகு முகத்தில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. கத்தியை வேகமாக உதறித் திறக்கும்போது தகடு ஆப்பு அடித்ததுபோல் இறுகி, பிறகு ‘கிரீச்’ என்ற ஒலியுடன்தான் வெளிவருகிறது. பூட்டு முகங்களை ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் பென்சில் கரியையோ மார்க்கர் மையையோ அலகின் அடிமுகத்தில் ஒரு கோடு பூசினால் உடனடி நிவாரணம் கிடைக்கும். சில வாரப் பயன்பாட்டில் இரு முகங்களும் ஒன்றுக்கொன்று பழகிய பின் பூச்சு தேவைப்படாது. இங்கே எண்ணெய் வேண்டாம் என்பதற்கான காரணம் மேலே சொல்லப்பட்டதே. உதறித் திறப்பதை நிறுத்தினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும், ஆனால் அந்த இன்பத்தை விடச் சொன்னால் கேட்பவர் குறைவு.

அறிகுறி: திறக்கும்போது நறநறவென்று அரைபடுகிறது

மணலும் பையின் நூல் துகளும் அச்சுக்குள் புகுந்திருக்கின்றன. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவத்தைச் சில துளிகள் விட்டு, கத்தியை அதில் மூழ்க வைத்து, பலமுறை திறந்து மூடி, பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஓடும் நீரில் அலச வேண்டும். பிறகு ஈரம் எஞ்சாதபடி உலர்த்தி, அச்சின் இருபுறமும் தையல் எந்திர எண்ணெய் ஒவ்வொரு துளி விட்டால் போதும். மரப் பிடியுள்ள கத்தியை ஊறவைக்கக் கூடாது. மரம் உப்பி, உலரும்போது பிளக்கும். அதற்கு ஆல்கஹால் துளிகளால் அச்சை மட்டும் கழுவுவது பொருந்தும்.

தேங்காய் எண்ணெயை விடுவது நம்மிடையே இயல்பான எண்ணம். ஆனால் அது குளிர்ந்த ஊர்களில் உறைந்துபோய், தூசியைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். டபிள்யூடி-40 என்ற தெளிப்புத் திரவம் ஈரத்தை விரட்டவும் அழுக்கைக் கழுவவும் நல்லது. ஆனால் அது விரைவில் வற்றிவிடுவதால் அதற்குப் பின் உண்மையான எண்ணெய் விடவே வேண்டும்.

கழுவிய பிறகும் அரைபட்டால், குண்டு தாங்கிகள் உள்ள கத்தியில் குண்டு ஒன்று துருப்பிடித்திருக்கலாம். வெண்கல வாஷர் உள்ள கத்தியாயின் வாஷர் முகம் கரடுமுரடாக இருக்கலாம். பின்னதைக் கண்ணாடியின் மேல் வைத்த 2000ஆம் எண் உப்புத்தாளில் சில முறை வட்டமாகத் தேய்த்தால் மழமழப்பாகிவிடும். இதற்குக் கழற்றத்தான் வேண்டும். கழற்றும்போது எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்று படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: மூடிய அலகு நடுவில் நிற்காமல் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது

உட்தகட்டைத் தொடாதவரை இது அழகுக் குறை மட்டுமே. தொட்டு உரசினால், எல்லாத் திருகுகளையும் சற்றே தளர்த்தி, அலகைக் கையால் நடுவுக்குத் தள்ளி, உடல் திருகுகளை முதலிலும் அச்சுத் திருகைக் கடைசியிலும் இறுக்க வேண்டும்.

அறிகுறி: கூர் நிற்பதில்லை

இந்தப் புகாரில்தான் எஃகின் மேல் அநியாயமாகப் பழி விழுகிறது. மழுங்கல் எப்படி நேர்கிறது என்பதை வைத்துக் காரணத்தைப் பிரிக்கலாம்.

தீட்டிய உடனே காகிதத்தைச் சீவுகிறது, அட்டைப்பெட்டி ஒன்றை அறுத்ததும் மழுங்கிவிடுகிறது என்றால், கூர்வாயில் பிசிர் எஞ்சியிருக்கிறது. கல்லில் தேய்க்கும்போது ஓரத்தில் உருளும் மெல்லிய உலோக இழைதான் பிசிர். அதுவே கூர்போல நடித்து, முதல் உழைப்பிலேயே மடிந்துவிடும். கடைசிச் சில இழுப்புகளை எடையே இல்லாமல் பக்கம் மாற்றி மாற்றி இழுத்து, பிறகு தோல் வாரில் பின்னோக்கி உருவினால் அது அகலும்.

எவ்வளவு தீட்டினாலும் கூரே வரவில்லை என்றால், கல் கூர்வாயைத் தொடவே இல்லை. அதற்கு மேலுள்ள தோளைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். தடித்த அலகுகளில் இது மிகப் பொதுவானது. கூர்வாய்ச் சரிவில் மார்க்கர் மையைப் பூசி இரண்டு முறை கல்லில் இழுத்துப் பாருங்கள். மை அழிந்த இடம்தான் கல் படும் இடம். ஓரம்வரை அழியும்படி கோணத்தைக் கூட்ட வேண்டும். கனமான வேலைக்குப் பக்கத்துக்கு 20 பாகை பொருத்தமானது. ஓரம் பற்கள்போல் உதிர்ந்தால் இரண்டொரு பாகை கூட்டிக்கொள்ளலாம்.

கல்லையும் எஃகையும் பொருத்திப் பார்க்க வேண்டும். பக் 110இல் வரும் 420எச்சி எஃகில் கார்பன் ஏறத்தாழ 0.45 விழுக்காடுதான், கடைகளில் கிடைக்கும் இருபக்கச் சிலிக்கான் கார்பைடு கல்லிலேயே விரைவாகத் தீட்டுப்படும், அதே அளவு விரைவாக மழுங்கவும் செய்யும். எஸ்35விஎன் எஃகில் 3 விழுக்காடு வனேடியம் இருக்கிறது. வனேடியக் கார்பைடு துகள்கள் சாதாரணக் கல்லின் துகள்களைவிடக் கடினமானவை. வைரத் தகடு இல்லாமல் அந்த எஃகைத் தீட்டுவது நேர விரயம். எந்த எஃகு உயர்ந்தது என்ற விவாதத்தைவிட, உங்களிடம் எந்தக் கல் இருக்கிறது என்பதே வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்த பின் கூர் நிற்பதே இல்லை என்றால் காரணம் வெப்பம். உலர்ந்த சக்கரத்தில் கூர்வாயின் மெல்லிய ஓரம் நொடியில் சூடேறி, எஃகின் பதம் இளகிவிடும். நிறம் மாறாவிட்டாலும் கெட்டிருக்கலாம். இளகிய பகுதி மெல்லிய விளிம்பு மட்டுமே என்பதால், நீர் விட்ட கல்லில் பலமுறை தீட்டி அந்த விளிம்பைத் தேய்த்துத் தள்ளினால் அடியில் நல்ல எஃகு கிடைக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும் முதல் கூரும் சில நேரங்களில் இப்படிச் சூடுபட்டதாக இருப்பதுண்டு. ஆகவே இரண்டு மூன்று முறை நன்கு தீட்டும்வரை ஒரு கத்தியின் எஃகைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதிருப்பது நியாயம்.

அறிகுறி: கூர்வாயில் ஒரே ஓர் இடம் மட்டும் மழுங்குகிறது

மூடும்போது கூர்வாய் உள்ளே எதையோ இடிக்கிறது. பிடிக்குள் அலகு படும் இடங்களில் மென்மையான களிமண்ணைச் சிறிது ஒட்டி மூடித் திறந்தால் தடம் தெரியும். கத்தியைப் ‘பட்’டென்று மூடவிடுவதை நிறுத்தி, கையால் இறக்கிவைத்து மூடுங்கள். பல ஆண்டுகள் தீட்டித் தேய்ந்த அலகில் அடிப்பகுதியின் முட்டு குறைந்து அலகு ஆழமாக அமர்வதும் உண்டு. அதைச் சரிசெய்வது பட்டறை வேலை.

அறிகுறி: துருப் புள்ளிகளும் பச்சைக் களிம்பும்

கடலோர ஊர்களின் உப்புக் காற்று, துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் பெற்றதையும் புள்ளி புள்ளியாக அரிக்கும். டி2 எஃகில் குரோமியம் 12 விழுக்காடு இருந்தாலும் அதில் பெரும்பங்கு கார்பைடாகக் கட்டுண்டிருப்பதால் அது முழுமையான துருப்பிடிக்காத எஃகு அன்று. மாங்காய், எலுமிச்சை, புளி அறுத்த கையோடு கழுவித் துடைத்துவிடுங்கள். மேலோட்டமான புள்ளிகளை எண்ணெய் விட்டு மிக நுண்ணிய இரும்புப் பஞ்சால் தேய்த்தெடுக்கலாம். குழி விழுந்திருந்தால் துருவை எடுத்தாலும் குழி நிற்கும்.

பித்தளைத் தலைப்புள்ள கத்தியைத் தோல் உறையிலேயே மாதக்கணக்கில் வைத்தால் பச்சைக் களிம்பு ஏறும், ஏனெனில் தோல் ஈரத்தையும் பதனிட்ட அமிலங்களையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. வீட்டுக் குத்துவிளக்கைத் துலக்கும் புளியே இதற்கும் மருந்து. ஆனால் புளி எஃகு அலகிலும் அச்சிலும் படாமல் துணியில் தொட்டுத் தேய்த்து, உடனே ஈரத்துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். உறையை இடுப்பில் அணிந்து செல்லும்போது மட்டும் பயன்படுத்தி, வீட்டில் கத்தியை வெளியே வையுங்கள்.

அறிகுறி: திருகின் தலை தேய்ந்து கருவி சுழல்கிறது

ஆறுமுனை நட்சத்திரக் குழியுள்ள டார்க்ஸ் திருகுகளில், கத்தியைப் பையில் மாட்டும் கிளிப்புக்குப் பெரும்பாலும் 6ஆம் எண்ணும் அச்சுக்கு 8 அல்லது 10ஆம் எண்ணும் வரும். குழியில் படிந்த அழுக்கை ஊசியால் எடுத்துவிட்டு, தளர்வின்றிப் பொருந்தும் முனையைச் செங்குத்தாக அழுத்தித் திருப்ப வேண்டும். அசையாவிட்டால், சாலிடரிங் கருவியின் சூடான நுனியைத் திருகுத் தலையில் அரை நிமிடம் வைத்துப் பிணைப்பு மருந்தை இளக்கிய பிறகு முயலுங்கள். தலை ஏற்கெனவே வழுக்கினால் அகன்ற ரப்பர் பட்டையை நடுவில் வைத்து அழுத்துவது சில நேரம் கைகொடுக்கும்.

அறிகுறி: கிளிப்பின் அடியில் காற்சட்டைப் பை கிழிகிறது

கண்ணாடி இழையும் எப்பாக்ஸியும் சேர்ந்த ஜி10 பிடியின் சொரசொரப்பு, ஈரக் கையில் பிடிப்புக்கு உதவும். துணிக்கு அது அரம். கிளிப்பைக் கழற்றி, அதன் அடியில் வரும் பகுதியை மட்டும் 400ஆம் எண் உப்புத்தாளால், நீர் விட்டபடி, முகக்கவசம் அணிந்து தேய்த்துவிடுங்கள். அந்தத் தூசியில் கண்ணாடி இழை இருப்பதால் உலர்வாகத் தேய்க்கக் கூடாது. விரல்கள் பற்றும் பகுதியை அப்படியே விட்டுவிடுங்கள்.